பாக்சருக்கு முதுகில் பலமா, பருமனா?
ஊட்டியில் பாக்சிங் பழகும் தம்பிகளுக்கு நேராகவே சொல்கிறேன், முதுகில் பலம் ஏற்றுங்கள், தசைப் பருமனுக்கு அலையாதீர்கள். குத்தின் விசை காலிலும் இடுப்பிலும் பிறக்கிறது, ஆனால் வீசிய கையை நிறுத்தி, முகத்தைக் காக்கச் சட்டென்று திரும்ப இழுப்பதில் முதுகுத் தசைக்குப் பெரிய பங்கு, கிளின்ச்சில், அதாவது இருவரும் நெருங்கிக் கட்டிப்பிடிக்கும்போது, எதிராளியைப் பிடித்து அடக்கவும் அது வேண்டும். கனமான ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), எடை கட்டிய புல்-அப், செட்டுக்கு 3 முதல் 5 முறை, நடுவில் நல்ல ஓய்வு. போதும்.

பருமனுக்கு 8 முதல் 12 முறை எனப் பல செட் இழுத்து, நிறையச் சாப்பிடவும் வேண்டும். எடை கூடினால் 60 கிலோ பிரிவில் ஆடுபவர் மேலே போய், தன்னைவிட உயரமானவரிடம் மாட்டுவார். அப்புறம் ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, கூடுதல் தசையும் அதைக் கேட்கும், மூன்றாவது ரவுண்டில் மூச்சு வாங்கும். எடைப் பிரிவை மாற்றத் திட்டமிட்டவர் என்றால் சரி, பருமன் ஏற்றலாம்.