32-ஆ, 38-ஆ, 28-ஆ? வேகமான காருக்கு எவ்வளவு காற்று

டயர் பிரஷர் என்று பேச்சு வந்தாலே ஆளுக்கொரு எண் வைத்திருப்பார்கள். கார் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 32 தான் வேதவாக்கு என்பார் ஒருவர், 38 பிடித்தால்தான் ஸ்டியரிங் கூர்மையாக இருக்கும் என்பார் இன்னொருவர், ரேஸ் டிராக் போய் வந்தவரோ 28 போதும் என்று சத்தியம் செய்வார். சரி, அளக்கும்போது டயர் எவ்வளவு சூடாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், மூன்று பேரும் முழிப்பார்கள்.

உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் பிரஷர் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும் (பிஎஸ்ஐ என்பது டயர் பிரஷரை அளக்கும் அலகு, மேலே சொன்ன எண்களெல்லாம் அதில்தான்). காலையில் 25 டிகிரியில் 32 பிடித்த டயர், ஓடாமல் நிழலில் நின்றாலே 38 டிகிரி மதியத்தில் 34 காட்டும். சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் விரட்டி ஓட்டி உள்காற்று 80 டிகிரியைத் தொட்டால் அதே 32 கிட்டத்தட்ட 40 ஆகிவிடும். அதனால் இந்த மூன்று எண்களையும் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை, சூடான பிறகு எங்கே போய் நிற்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்டிக்கர் அளவு. ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஒட்டியிருப்பார்கள். பாதி சுமைக்கு ஒன்று, முழு சுமைக்கு ஒன்று என இரண்டு வரி இருக்கும் வண்டிகளும் உண்டு, நம்மில் பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். நாலு பேரும் டிக்கி நிறைய சாமானுமாக பெங்களூரு ஹைவேயில் போகிறவருக்கு இரண்டாவது வரிதான் கணக்கு. பிரேக், தேய்மானம், சொகுசு, அலாய் வீலின் ஆயுசு எல்லாவற்றையும் பார்த்து வைத்த சமரசம் அது. ரோட்டில் ஓட்ட இதை மிஞ்சிய எண் கிடையாது என்பது என் கட்சி. ஆனால் அது குளிர்ந்த டயருக்கான அளவு. பத்து கிலோமீட்டர் ஓட்டிப்போய் பங்க்கில் 32 என்று நிறுத்தினால் நிஜத்தில் நீங்கள் பிடித்தது 29 ஆகவும் இருக்கலாம்.

அடுத்து 38 கட்சி. கூட்டிப் பிடித்தால் டயரின் பக்கச்சுவர் மடங்காது, ஸ்டியரிங்கைத் திருப்பிய உடனே மூக்கு திரும்புகிற மாதிரி இருக்கும், மைலேஜும் கொஞ்சம் கூடும். ஆனால் அந்தக் கூர்மை முதல் அரை நொடிக்குத்தான். டயர் நடுவில் உப்பி, தரையில் படும் இடம் சுருங்குகிறது, மேடு பள்ளத்தில் வண்டி துள்ளுகிறது, அழுத்தி பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் சீக்கிரமே உள்ளே வருகிறது, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து டயரும் சீக்கிரம் போகிறது. டயரின் பக்கத்தில் 44 அல்லது 51 என்று அச்சடித்திருப்பதைக் காட்டி வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அது தாண்டக்கூடாத எல்லை, சிபாரிசு இல்லை.

28 தான் சுவாரசியமான ஆள். டிராக்கில் இதுதான் சரியான தொடக்கம், ஏனென்றால் 28-இல் கிளம்பினால் அதே 80 டிகிரியில் 36-இல் வந்து நிற்கும், சாதாரண ரோடு டயர்கள் பலவற்றுக்கும் பிடிமானம் நன்றாக இருக்கும் இடம் அதையொட்டித்தான். உங்கள் வண்டிக்கு எது என்று கண்டுபிடிக்க டயரின் தோள்பட்டையில், அதாவது தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரத்தில், வெள்ளை ஷூ பாலிஷை ஒரு கோடாக இழுத்துவிட்டு நாலைந்து சுற்று ஓட்டுங்கள். பக்கச்சுவர் ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். பாலிஷ் அந்தக் குறிக்கும் கீழே அழிந்திருந்தால் டயர் மடங்கி உருள்கிறது, காற்று போதாது. குறிக்கு ரொம்ப மேலேயே அழியாமல் நின்றால் காற்று அதிகம். பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அளந்துவிடுங்கள், இரண்டு நிமிடம் கதை பேசினால் எண் இறங்கிவிடும். வலது திருப்பங்கள் அதிகமுள்ள டிராக்கில் இடது முன் டயர்தான் அதிகம் வேகும், அதை மட்டும் கூடுதலாகக் குறைக்க வேண்டி வரும். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி முன்சக்கர இழுவை வண்டியில் பின்பக்கம் இரண்டு பிஎஸ்ஐ கூட்டி வைத்தால் வால் கொஞ்சம் இளகி வண்டி திரும்பும். அதற்கு மேல் கூட்டினால் தைரியசாலிகளுக்கு மட்டும்.

சூடா குளிரா என்ற தகராறு ஃபார்முலா 1 வரை போயிருக்கிறது. 2015-இல் இத்தாலியின் மோன்சா ரேஸில் மெர்சிடிஸ் டிரைவர் ஹாமில்டனின் இடது பின் டயர் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய 19.5-ஐ விட 0.3 பிஎஸ்ஐ குறைவாக இருந்ததாக விசாரணையே நடந்தது. அளந்த நேரத்தில் டயர் சூடேற்றும் போர்வையின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு டயர் ஆறிப்போயிருந்தது என்று தெரிந்து, நடவடிக்கை இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சாதாரணக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் பிடிக்கச் சொல்வார்கள், அதற்கு ஒரு பத்தி போதும். நாம் பிடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விரியும். ஈரம் இல்லை என்பது மட்டும் உண்மையான லாபம், அது ரேஸ் டீமுக்கு உதவும். நைட்ரஜன் பிடித்ததற்கு அடையாளமாக வால்வில் மாட்டும் பச்சை மூடிக்காகக் காசு கொடுப்பதைவிட பிரஷர் அளக்க நல்ல கேஜ் ஒன்று வாங்கலாம்.

மழை நாளில் மட்டும் கணக்கு தலைகீழ். பிரஷர் குறைந்தால் டயர் தண்ணீரை வெட்டி விலக்க முடியாமல் குறைந்த வேகத்திலேயே மிதக்க ஆரம்பிக்கும். 1963-இல் நாசா விமான டயர்களை வைத்துக் கண்ட சூத்திரம் இதற்கு உண்டு, அதன்படி 36 பிஎஸ்ஐ-க்கு மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர், 25-க்கு 83 தான். கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் போக்கு அதேதான்.

அப்புறம், டிராக் முடிந்து வீடு திரும்பும்போது 28 கட்சிக்காரர்கள் மறக்கும் விஷயம் ஒன்று. சூட்டில் 36 காட்டுவதை நம்பி அப்படியே ஹைவேயில் ஏறாதீர்கள், மறுநாள் காலை அது 28 தான். காற்று குறைந்த டயரோடு நூறு நூற்றிருபதில் போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கியே சூடாகி வெடிக்கும். பக்கச்சுவர் குட்டையான 40 புரொஃபைல் டயராக இருந்தால் ஒரே பள்ளத்தில் அலாயும் வளையும். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன பம்ப் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள், டயர் ஆறியதும் ஸ்டிக்கர் அளவுக்கு ஏற்றி, டயர் பிரஷரைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ்ஸின் ரீசெட் பட்டனையும் அழுத்திவிட்டுக் கிளம்புங்கள்.