செயின் பிளாக், செயின் ஹாய்ஸ்ட், வயர் ரோப் ஹாய்ஸ்ட்: சிறு பட்டறைக்கு எது பொருந்தும்?

கோவையின் சிறு வார்ப்பாலைகளிலும் இயந்திரப் பட்டறைகளிலும் பளு தூக்கும் சாதனம் வாங்கும் பேச்சு எழுந்தால், முதலில் வரும் கேள்வி ‘எத்தனை டன்?’ என்பதாகவே இருக்கிறது. ஆனால் 1 டன்னிலிருந்து 5 டன் வரை கையால் இழுக்கும் செயின் பிளாக், மின்சாரச் செயின் ஹாய்ஸ்ட், மின்சார வயர் ரோப் ஹாய்ஸ்ட் ஆகிய மூன்றுமே சந்தையில் கிடைப்பதால், டன் கணக்கை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய இயலாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தூக்க வேண்டும், எவ்வளவு உயரத்துக்கு, இறக்கி வைக்கும் இடத்தில் எவ்வளவு துல்லியம் தேவை என்பவற்றுக்கு விடை தெரிந்த பிறகே விலை விசாரிக்க வேண்டும்.

செயின் பிளாக்கைப் பழைய கருவி என்று ஒதுக்குவது சரியன்று. அதனுள் இருக்கும் பிரேக் தொங்கும் பளுவின் எடையாலேயே இறுகுகிறது. கைச்சங்கிலியை விட்டவுடன் பளு அந்த இடத்திலேயே நின்றுவிடும். மோட்டாரை அடித்தளத்தில் அமர்த்துவது, கியர் பாக்ஸைக் கழற்றி மாட்டுவது போன்ற பராமரிப்பு வேலைகளில் நூலளவு ஏற்றி நூலளவு இறக்க இதைவிட நம்பகமான கருவி கிடையாது. அதன் குறை, அது கேட்கும் உடலுழைப்பு. 1 டன் பளுவைச் சுமார் 30 கிலோ இழுவிசையால் 1 மீட்டர் உயர்த்த வேண்டுமானால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமலேயே 33 மீட்டருக்கு மேல் கைச்சங்கிலியை இழுத்தாக வேண்டும். நாளுக்கு இரண்டொரு முறை என்றால் பரவாயில்லை. நாள் முழுவதும் என்றால் தோள் ஓய்ந்துபோகும், ஓய்ந்த ஆள் அவசரப்படுவார். ஒருவர் இழுத்து நகராத பளுவை இருவர் சேர்ந்து இழுக்கும் வழக்கத்தையும் உடனே நிறுத்த வேண்டும். ஒருவர் இழுப்பதற்கென்று செய்யப்பட்ட பிளாக் அப்படி நகர மறுத்தால், பளு மிகுந்துவிட்டது அல்லது பிளாக் பழுதாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

உண்மையான போட்டி மின்சாரச் செயின் ஹாய்ஸ்டுக்கும் வயர் ரோப் ஹாய்ஸ்டுக்கும் இடையில்தான். வயர் ரோப் ஹாய்ஸ்டில் கம்பிக்கயிறு டிரம் எனும் உருளையின் வரிப்பள்ளங்களில் வரிசையாகச் சுற்றிக்கொண்டே போவதால், கயிறு இறங்கும் இடமும் பக்கவாட்டில் நகர்கிறது. அதனால் சாதாரண வடிவமைப்பில் கொக்கி செங்குத்தாக ஏறாமல் சற்றே ஒரு பக்கம் ஒதுங்குகிறது. இருபுறமும் எதிரெதிராக வரிகள் வெட்டிய டிரம் இதைத் தவிர்க்கும், ஆனால் விலை கூடும். செயின் ஹாய்ஸ்டில் சங்கிலி ஒரே சக்கரத்தின் மேல் ஓடிப் பையில் விழுவதால் கொக்கி நேராக ஏறி நேராக இறங்கும். மணல் அச்சு உள்ள மோல்டிங் பெட்டியின் மேல்பாதியைக் கீழ்ப்பாதியின் பின்களில் இறக்கும் தருணத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம்: ஒதுங்கும் கொக்கியை ஈடுகட்ட, ஹாய்ஸ்டைத் தாங்கி ஓடும் டிராலியைத் தட்டித் தட்டி நகர்த்த வேண்டியிருக்கும், அந்த அசைவில் மணல் உதிர்ந்தால் வார்ப்பே வீணாகும். ஆகவே 3 டன் வரையிலான வார்ப்பாலை வேலைக்கு, இரண்டு வேகம் கொண்ட செயின் ஹாய்ஸ்டையே நான் பரிந்துரைப்பேன்.

அதற்காக வயர் ரோப்பைக் குறைத்து எடைபோட முடியாது. பளு 5 டன்னைத் தாண்டும்போதும், ஷெட் உயரமாக இருக்கும்போதும், வேகமும் ஓசையற்ற சீரான ஓட்டமும் தேவைப்படும்போதும் அதுவே பொருத்தமானது. தேய்மானத்தைக் காட்டிக்கொடுப்பதிலும் அதற்கு ஒரு மேன்மை உண்டு. ஹாய்ஸ்டை நிறுத்திவிட்டுக் கயிற்றின்மீது பஞ்சுக்கழிவைப் பிடித்து மெல்ல இழுத்தால், அறுந்த இழையில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். வெறுங்கையால் தடவினால் இழை கையைக் கிழித்துவிடும். உள்ளிழைகளின் சேதம் இப்படித் தெரியாது என்பதால் கயிற்றின் விட்டத்தையும் அளக்க வேண்டும். சங்கிலியின் தேய்மானமோ பார்வைக்கு அவ்வளவாகப் புலப்படாது. பல வளையங்களைச் சேர்த்துக் காலிப்பரால் அளந்து, தயாரிப்பாளர் தந்த வரம்போடு ஒப்பிட்டால்தான் நீட்சி தெரியும். மணற்பொடி நிறைந்த இடத்தில் இந்தத் தேய்மானம் விரைவாக நடக்கும். இரண்டு சங்கிலிகளில் தொங்கும் ஹாய்ஸ்டில் கீழ்க் கொக்கி நடுவே புரண்டு சங்கிலி முறுக்கிக்கொள்வதும் உண்டு. தூக்குவதற்கு முன் வளையங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம்.

விலைப்பட்டியலில் பலர் கடந்துபோகும் வரி பணி வகுப்பு, அதாவது ஹாய்ஸ்ட் எவ்வளவு கடுமையான பயன்பாட்டைத் தாங்கும் என்ற தரம். ஐரோப்பிய விதிமுறைப்படி எம்3 வகுப்பு ஹாய்ஸ்டின் மோட்டார் மணிக்கு 150 தொடக்கங்களையும், எம்5 வகுப்பு 240 தொடக்கங்களையும் தாங்க வேண்டும். ஹாய்ஸ்டை இயக்கத் தொங்கும் பெண்டன்ட் பெட்டியின் பொத்தானைத் தட்டித் தட்டி இறக்கும் ஒவ்வொரு தட்டும் ஒரு தொடக்கமாகும். அப்படி இறக்கும் வழக்கமுள்ள இடத்தில் மலிவான எம்3 ஹாய்ஸ்ட் சில மாதங்களிலேயே மோட்டார் சுருளைக் கருக்கிவிடக்கூடும்.

உருகிய இரும்பைச் சுமக்கும் லேடிலுக்கு இந்த மூன்றின் சாதாரண வடிவங்களில் எதையும் பயன்படுத்தக் கூடாது. இரட்டை பிரேக், வெப்பத் தடுப்பு, உயர்ந்த பணி வகுப்பு ஆகியவற்றுடன் அதற்கென்றே செய்த கிரேன் வேண்டும். இதில் மிச்சம் பிடிக்க நினைப்பது ஆளின் உயிரோடு விளையாடுவது.

எந்தச் சாதனத்தை வாங்கினாலும், பளுவைக் கொக்கியில் மாட்டும் கயிறு அல்லது சங்கிலியான ஸ்லிங்கின் கோணம் கணக்கில் வரும். இரண்டு கால்களுக்கு இடையே 120 பாகை விரிந்தால் ஒவ்வொரு காலும் முழுப் பளுவுக்குச் சமமான இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கும். அதனால் 2 டன் பெட்டியைத் தூக்க, காலுக்கு 1 டன் தாங்கும் ஸ்லிங் போதாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வகுத்திருந்தபடி, பாதுகாப்பான பளுவின் அளவைச் சாதனத்தின்மேல் தெளிவாக எழுதி, தகுதி பெற்றவரைக் கொண்டு 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிப்பதை நம் பட்டறைகள் ஒருபோதும் கைவிடக் கூடாது. பழைய ஹாய்ஸ்ட் வாங்குவோர் அந்தச் சோதனைச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி, டிரம்மின் வரிப்பள்ளங்களையும் பிரேக் லைனிங்கையும் கழற்றிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.