மீன் தொட்டியைப் படம் எடுக்க எந்த கேமரா? நீண்ட நாள் பயன்பாட்டில் நான் கண்டது

மீன் படம் எடுக்க கேமரா தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மாடல் பெயரைச் சொல்லி, இதில் எது என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: தொட்டிக்கு மேலே ஒரு ஃபிளாஷ் வைக்க இடம் இருக்கிறதா, அந்தக் கேமராவால் அதை இயக்க முடியுமா? அதற்குப் பிறகு லென்ஸ். லென்ஸ் நீங்கலான கேமரா, அதாவது பாடி, மூன்றாவதாகத்தான் வரும். முதலில் லென்ஸ் மாற்ற முடியாத சின்ன காம்பாக்ட், அப்புறம் லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு டி.எஸ்.எல்.ஆர், இப்போது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் வகை மிரர்லெஸ் என்று மூன்றையும் வருடக்கணக்கில் அதே தொட்டிகளின் முன்னால் வைத்துப் பார்த்ததில் வந்த முடிவு இது.

நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் தொட்டி கேமராவுக்கு இருட்டு. செடி வளர்க்கப் போதுமான எல்.இ.டி விளக்கு போட்ட என் தொட்டியிலேயே லென்ஸின் துளை (அபெர்ச்சர்) எஃப் 4, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடி என்று வைத்தால், சென்சாரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ 1600 கேட்கிறது. ஏஞ்சல், டிஸ்கஸ் மாதிரி நிதானமாக நீந்தும் மீனுக்கு 1/125 போதும். நியான் டெட்ராவுக்கு 1/250 வேண்டும். சீப்ரா டேனியோ கூட்டத்துக்கு 1/500 கூடச் சில நேரம் பத்தாது. இதோடு நிற்பதில்லை. மீன் சின்னது, பக்கத்தில் போய் எடுக்கிறோம், அதனால் கூர்மையாக விழும் பகுதி மிகவும் மெல்லியது. அதைக் கொஞ்சம் கூட்டத் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாக வேண்டும். எஃப் 8, 1/250 என்றால் முதலில் சொன்னதைவிட ஒளி மூன்று ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது), ஐ.எஸ்.ஓ நேராக 12800-க்குப் போய் நிற்கும். செதிலின் நுணுக்கம் எல்லாம் அங்கே கரைந்துவிடும். எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கை நடுக்கத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசேஷனும் இங்கே உதவாது. அது நம் கையைத்தான் பிடிக்கும், மீனைப் பிடிக்காது.

இதே காரணத்தால்தான் மொபைல் கேமரா மீனிடம் தடுமாறுகிறது. வெளிச்சம் குறைந்தால் மொபைல் அடுத்தடுத்துப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். நிற்கிற பொருளுக்கு அருமையான உத்தி. நீந்துகிற மீனுக்கோ வால் பக்கம் மெழுகிவிட்டது போல ஆகிவிடுகிறது. தொட்டி முழுவதையும் ஒரு படமாக எடுக்க மொபைலே போதும், நான் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

காம்பாக்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1 அங்குல சென்சார் கொண்ட நல்ல காம்பாக்ட்கள் உண்டு, படத்தின் தரமும் நன்றாகவே இருக்கும். ஆனால் அவற்றில் பல, ஜூம் செய்யாத அகலக் கோணத்தில் மட்டுமே பக்கத்துப் பொருளை ஃபோகஸ் செய்யும். லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டாத குறையாக வைத்து எடுக்கிறோம். மீனின் மூக்கு பெரிதாகவும் வால் சிறிதாகவும் விழுகிறது. ஜூம் செய்தாலோ அரை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது. பெரும்பாலானவற்றில் வெளி ஃபிளாஷ் மாட்ட ஹாட் ஷூ கிடையாது. உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நேராகக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படத்தின் நடுவில் வெள்ளைப் பொட்டாக உட்கார்ந்துகொள்ளும்.

டி.எஸ்.எல்.ஆரை இன்று பழையதாக வாங்க நினைப்பவர்கள் நிறைய. அது மோசமான முடிவு இல்லை. கூடவே வரும் 18-55 மிமீ ஜூம் லென்ஸில் பொருளின் உருவம் சென்சாரில் பெரும்பாலும் அதிகபட்சம் 0.3 மடங்கு அளவில்தான் விழும். இவற்றில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி வகை சென்சாரின் அகலம் 22-23 மிமீ என்பதால், அந்த லென்ஸின் மிக நெருங்கிய படத்தில் சுமார் 7 செ.மீ. அகலம் அடங்கும். ஏஞ்சலுக்கு இது தாராளம். 3 செ.மீ. நியான் டெட்ராவோ படத்தில் பாதிகூட நிரப்பாது. ஆகவே சின்ன மீன் வளர்ப்பவர் பாடியில் மிச்சம் பிடித்தாவது மிக நெருங்கி எடுப்பதற்கான ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கிவிட வேண்டும். வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது டி.எஸ்.எல்.ஆரின் ஆட்டோ ஃபோகஸ் வேகமானது. திரையில் பார்த்து எடுக்கும்போது பழைய மாடல்கள் பல மிகவும் மந்தம். என்னுடையதில் திரை திரும்பாது. தொட்டியின் அடியில் மேயும் கோரிடோரஸை அதன் கண் மட்டத்தில் எடுக்க ஒவ்வொரு முறையும் தரையில் கன்னம் பதிய வேண்டியிருந்தது. திரும்பும் திரையை ஒரு ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். மீன் படத்தில் கண் மட்டம்தான் உயிர்.

இப்போதைய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு நான் மாறியதற்குக் காரணம் சென்சாரின் அளவு. அதன் அகலம் 17.3 மிமீ. மேக்ரோ லென்ஸைப் பாதி உருப்பெருக்கத்தில் வைத்தாலே 35 மிமீ அகலம் படத்தை நிரப்பிவிடும். அதாவது ஒரு முழு நியான் டெட்ரா. இதைவிடப் பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமில் இதே படத்துக்கு லென்ஸை 1:1-க்கு, அதாவது பொருளும் சென்சாரில் விழும் உருவமும் ஒரே அளவாகும் நிலைக்குத் தள்ள வேண்டும். 1:1-இல் லென்ஸ் வழியே வரும் ஒளி இரண்டு ஸ்டாப் குறையும், கூர்மைப் பகுதியும் எஃப் 8-இல் ஒரு மில்லிமீட்டர்தான். எனக்குக் கிடைப்பது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஃபுல் ஃப்ரேமில் அபெர்ச்சரைச் சுருக்கி, ஐ.எஸ்.ஓவை ஏற்றி இதை ஈடு கட்டலாம்தான். ஆனால் அதற்கான பாடியும் லென்ஸும் கனத்தில் எங்கோ போய்விடும்.

லென்ஸ், 2012-இல் வந்த ஒலிம்பஸ் 60 மிமீ எஃப் 2.8 மேக்ரோ. எடை 185 கிராம்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பக்கவாட்டில் இருக்கும் ஃபோகஸ் லிமிட்டர். 19 முதல் 40 செ.மீ. வரை மட்டும் தேடு என்று வைத்துவிட்டால், பின்சுவர் வரை போய்த் திரும்பி வருகிற அலைச்சல் இல்லை. மேக்ரோ லென்ஸ் எந்தக் கம்பெனியுடையதானாலும் இந்த ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு விஷயம்: 1:1-இல் இந்த லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் நடுவே எட்டு ஒன்பது செ.மீ. இருக்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் உள்ளே இருப்பது இருக்கும் இடத்தைவிடக் கிட்டத்தில் தெரியும். எனவே லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் 11 செ.மீ. உள்ளே இருக்கும் மீன் வரை முழு உருப்பெருக்கம் கிடைக்கும். பின்பக்கம் தங்கும் கூச்ச மீன்களுக்கு 90, 100 மிமீ லென்ஸ்கள் வசதி. என் மீன்கள் முன்னால் வருகிறவை.

ஆட்டோ ஃபோகஸ் பற்றி ஒரு வார்த்தை. விலங்குகளின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இப்போது நிறைய வருகிறது. அது முதன்மையாக நாய், பூனை, பறவைகளுக்காகச் செய்தது. மீன் கண்ணில் சில நேரம் அழகாக ஒட்டிக்கொள்ளும், சில நேரம் செடியின் நுனியைப் பிடிக்கும். அதை மட்டும் நம்பி விலை உயர்ந்த பாடிக்குப் போக வேண்டாம். நான் பெரும்பாலும் மேனுவல் ஃபோகஸில், கூர்மையான விளிம்பை வண்ணத்தில் காட்டும் பீக்கிங்கைப் போட்டு, மீன் வரும் இடத்தில் ஃபோகஸை நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறேன். ஃபைட்டரும் சிக்லிட்களும் தங்கள் எல்லையைச் சுற்றி வந்து திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கும். அந்த இடம் தெரிந்துவிட்டால் ஆட்டோ ஃபோகஸே தேவைப்படாது.

சரி, ஃபிளாஷுக்கு வருவோம். கேமராவின் ஹாட் ஷூவில் ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் ஒரு ரேடியோ டிரிகர், தொட்டியின் மேல்மூடிக் கண்ணாடியின் மேல் ஒரு சாதாரண மேனுவல் ஃபிளாஷ். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒளியால் இயங்கும் டிரிகர் வேண்டாம், தொட்டியின் மூடியும் விளக்கும் நடுவில் மறைத்துவிடும். ஃபிளாஷை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் படமே இருக்கிறது. தொட்டியின் நடுவிலோ பின்னாலோ வைத்தால் மீனின் முதுகு மட்டும் ஒளிரும், நம்மைப் பார்க்கும் விலாவும் வயிறும் கறுத்துப்போகும். முன்கண்ணாடியை ஒட்டி வைத்து, ஃபிளாஷின் தலையைக் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்தால் விலா முழுவதும் ஒளி விழும். ஃபிளாஷ் முகத்தில் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் ஒரு வெள்ளை டிஃப்யூசர் போட வேண்டும். அடியில் வெளிர் நிற மணல் இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளியே வயிற்றுப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும்.

மீன் செதிலின் வெள்ளிப் பளபளப்புக்குக் காரணம் குவானின் என்னும் பொருளின் நுண்ணிய படிகங்கள். கண்ணாடிச் சில்லுகள் மாதிரி அவை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் ஃபிளாஷின் தானியங்கி அளவீடு குழம்பும். ஒரு படம் வெளுக்கும், அடுத்தது இருளும். மேனுவலில் 1/16 பவரில் தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது நல்லது. நியான் டெட்ராவின் நீலக்கோடும் சாயம் அல்ல, இந்தப் படிக அடுக்குகள் செய்கிற நிறம். ஒளி விழும் கோணம் மாறினால் கோட்டின் நிறமும் மாறும். ஃபிளாஷை நான்கு விரல்கடை நகர்த்திவிட்டு அதே மீனை மறுபடி எடுத்துப் பாருங்கள், நீலம் பச்சைப் பக்கம் சாய்வது தெரியும். எல்.இ.டி விளக்கில் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கோடு எனக்கு வெறும் நீலப்பட்டையாகத்தான் விழுந்தது.

ஷட்டர் 1/200, எஃப் 8, ஐ.எஸ்.ஓ 200. தொட்டி விளக்கின் ஒளி இதில் அநேகமாகப் பதிவாகாது, படத்தை உண்டாக்குவது ஃபிளாஷ்தான். குறைந்த பவரில் ஃபிளாஷ் மின்னும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மிகவும் குறைவு. டேனியோவின் வால்கூட அதில் உறைந்துவிடும். இந்த ஏற்பாட்டில் பத்து வருடப் பழைய பாடி தரும் படமும் புதிய பாடி தரும் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பாடியை மூன்றாவது இடத்தில் வைப்பது இதனால்தான்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. ஃபிளாஷின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். திறந்த தண்ணீரின் மேல் அதைத் தொங்கவிடக் கூடாது. நடுவில் மூடிக் கண்ணாடி கட்டாயம், அதிலுள்ள உப்புக்கறையையும் துடைத்துவிட வேண்டும். மீன் ஃபிளாஷுக்குப் பயப்படுமா என்றால், தொட்டி விளக்கு எரியும்போது என் மீன்கள் கண்டுகொள்வதில்லை. விளக்கை அணைத்த இருட்டில் அடித்தால் துள்ளிப் போய்க் கண்ணாடியில் மோதும், அதைச் செய்யாதீர்கள். புதிதாக வந்த மீனையும் முட்டையைக் காக்கும் ஜோடியையும் விட்டுவிடலாம்.

விளக்கொளியில் மட்டும்தான் எடுப்பேன் என்பவர் எலக்ட்ரானிக் ஷட்டரைக் கவனிக்க வேண்டும். மங்கலாக்கும் வசதியுள்ள எல்.இ.டி விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மெக்கானிகல் ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். விளக்கை முழு அளவில் எரியவிட்டால் இன்னும் நல்லது. பல பாடிகளில் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷும் அடிக்காது. கடல்மீன் தொட்டிக்காரர்களுக்குத் தனிப் பிரச்சினை: நீல விளக்கில் சிவப்பு ஒளி கிட்டத்தட்ட இல்லவே இல்லை, எந்தக் கேமராவின் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையும் அதை மீட்க முடியாது. லென்ஸ் முன் ஆரஞ்சு ஃபில்டர், அல்லது படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வெள்ளை விளக்கு. எதுவானாலும் கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலாக எடுங்கள்.

லென்ஸ் எப்போதும் கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக இருக்கட்டும். சாய்வாக எடுத்தால் கண்ணாடியும் தண்ணீரும் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவில் வளைக்கும். விளிம்புகளில் நிறக்கோடு விழும், விலை உயர்ந்த லென்ஸும் மலிவான லென்ஸ் ஆகிவிடும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது கண்ணாடியில் சாய்வாக, 56 டிகிரிக்குப் பக்கத்தில் விழும் பிரதிபலிப்பைத்தான் நன்றாக நீக்கும். நேராக நின்று எடுக்கும் நமக்குப் பயனில்லை, இருக்கும் வெளிச்சத்திலும் பாதிக்கு மேல் தின்றுவிடும். அதற்குப் பதில் லென்ஸில் மடங்கும் ரப்பர் ஹுட் ஒன்றை மாட்டிக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டால் பிரதிபலிப்பே இல்லை. என் பையில் உள்ள எல்லாவற்றிலும் எளிய பொருள் அதுதான், அதிகம் உழைத்ததும் அதுதான். தண்ணீர் மாற்றிய உடனே எடுக்காதீர்கள், நுண்குமிழ்கள் ஃபிளாஷில் தூசி போல மின்னும்.

பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று காட்டும் ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம் வேலைக்கு ஹாட் ஷூ முக்கியம். உங்கள் டிரிகரையும் ஃபிளாஷையும் கையோடு கொண்டுபோய், மாட்டி, சற்றே அசைத்து, தொடர்ந்து அடித்துப் பாருங்கள். தேய்ந்த ஷூவில் நாலுக்கு ஒன்று அடிக்காது. மேக்ரோ லென்ஸைப் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலை போலத் தெரியும். தொட்டி இருக்கும் அறையில் ஈரம் அதிகம் என்பதால், பூஞ்சை உள்ள லென்ஸை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம், அது வளர்ந்துகொண்டே போகும். நல்ல லென்ஸையும் வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள்.