உளவளத்துணையாளர் யாரிடம் போவது? பக்கத்து ஊரா, கண்டியா, தொலைபேசியா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் உளவளத்துணையாளராக (கவுன்சிலராக) வேலை செய்கிறேன். குடி, கடன், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா, சாக மருந்து குடித்துப் பிழைத்த பிள்ளை என்று தேயிலைத் தோட்ட லயங்களின் (வரிசை வீடுகளின்) கதைகளை நாள் முழுக்கக் கேட்கிறேன். கொழுந்து எடுப்பவருக்குக் கூடையை இறக்க, கொழுந்து நிறுக்கும் மடுவம் இருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். உளப்பகுப்பாய்வாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வெட்கப்படாமல் தாங்களே மறுபடி பகுப்பாய்வுக்குப் போக வேண்டும் என்று உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்ட் 1937இல் எழுதினார். அந்த ‘வெட்கப்படாமல்’தான் வர மாட்டேன் என்கிறது. “ஊருக்குப் புத்தி சொல்றவளுக்கே இப்படியா?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

சரி, பயத்தைத் தாண்டியாயிற்று. யாரிடம் போவது? மூன்று வழிகளையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பக்கத்து ஊரில் இருக்கும் சக ஊழியர் முதல் வழி. செலவில்லை, விளக்கம் தேவையில்லை. ஆனால் அடுத்த வாரம் அதே அக்காவோடு ஒரு பிள்ளையின் பிரச்சினை பற்றிக் கூட்டத்தில் உட்கார வேண்டும். நான் சோர்ந்து பேசினால் அவர் முகம் மாறுகிறது. அதைப் பார்த்ததும் நான் அவரைத் தேற்றத் தொடங்கிவிடுகிறேன். இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டேன். நம் வேலையைப் பற்றி மூத்தவர் ஒருவரோடு பேசும் மேற்பார்வையும் இதற்கு ஈடாகாது. அங்கே பேசப்படுவது என்னிடம் வருபவரின் கதை, என் கதை அல்ல.

அடுத்தது கண்டி. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் போய் வந்தால் ஒரு நாள் சம்பளமும் போகும். ஆனாலும் அந்தப் பயணத்தைக் குறை சொல்ல மாட்டேன். திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் வர முடிகிறது. வீட்டில் அந்த நேரம் கிடைக்காது. அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதும் பெரிய நிம்மதி.

தடுக்கியது மொழிதான். அங்கே நான் பார்த்த உளவளத்துணையாளர் சிங்களவர், நல்ல மனிதர். இருவரும் ஆங்கிலத்தில் பேசினோம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, தப்பியவர்களோடு பேசப் போனவர்களில் நானும் ஒருத்தி. அதற்கப்புறம் பல வருடம் மழை பெய்தால் எனக்குத் தூக்கம் வராது. கண்டியில் அதைச் சொன்னபோது என் வாயில் வந்தவை எல்லாம் பாடப்புத்தகச் சொற்கள்: ‘செகண்டரி ட்ரோமா’ (அடுத்தவர் துயரைக் கேட்டு நமக்கு வரும் காயம்), ‘ட்ரிகர்’ (பழைய காயத்தைக் கிளறிவிடுவது). வேறு யாரோ ஒருவரின் கோப்பை வாசிப்பதுபோல என் கதையை வாசித்தேன். அவர் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தால், ‘இது வேண்டுமென்றே விடும் மௌனம்’ என்று உள்ளே குறித்துக்கொண்டிருந்தேன். படித்த மொழிக்குள் ஒளிந்துகொள்வது அவ்வளவு சுலபம்.

மூன்றாவது, யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராக இருக்கும் ஓர் அம்மா, தொலைபேசியில். எங்களைப் போன்ற மலையகத்தாரை வடக்கில் தாழ்வாகப் பார்த்த பழைய வழக்கம் மனதில் உறுத்த, தயங்கித்தான் எண்ணை அழுத்தினேன். பிரட்டு (காலையில் பெயர் பதிந்து வேலை பிரிப்பது) என்றால் என்ன, மடுவம் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அதைப் பொறுமையாகக் கேட்டதே எனக்கு மருந்து. இங்கேயும் நான் ‘ட்ரிகர்’ என்று ஆரம்பித்தேன். அவர், “அந்த மழைச் சத்தம் எப்பிடிக் கேட்டது?” என்றார். “தகரத்துல அரிசி கொட்டுற மாதிரி” என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

வீட்டுச் சுவர் மெல்லியது. அதனால் வேலை முடிந்தபின் என் ஆலோசனை அறையிலேயே இருந்து பேசுவேன். ஒரு நாள், வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு முதுகுப் பக்கம். நடையில் யார் நடந்தாலும் திடுக்கிடுகிறது. இத்தனை வருடம் அழுகிறவர்களை அப்படித்தான் உட்கார வைத்திருக்கிறேன். மறுநாளே திருப்பிப் போட்டேன்.

என் தெரிவு மூன்றாவதுதான். தனியாகப் பேச அறை கிடைக்காதவர்கள் கண்டிக்கே போகலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள் தொலைபேசியோடு நிற்காமல் மனநல வைத்தியரை நேரில் பார்க்க வேண்டும். நடுராத்திரியில் தாங்க முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

தொலைபேசி என்றால் முதல் நாளே ஒன்றைப் பேசி வையுங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் லைன் அறும். அழுதுகொண்டிருக்கும்போது அறுந்தால் யார் திருப்பி எடுப்பது? நான் கேட்டதற்கு அந்த அம்மா, “நான்தான் எடுப்பன். நீங்கள் அப்பிடியே இருங்கோ” என்றார்.