எவர்சில்வர் டப்பாவுக்குள் 420 போக்கிமான்: ஃபயர் ரெட் பிசியோடு என் அனுபவம்

பாம்பனில் எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். 2005-ல் துபாயிலிருந்து வந்த சித்தப்பா எனக்கும் தம்பிக்கும் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற கையடக்க வீடியோ கேம் கருவி ஒன்றும், போக்கிமான் ஃபயர் ரெட் கேசட்டும் கொண்டுவந்தார். போக்கிமான் என்ற கற்பனை உயிர்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடும் விளையாட்டு அது. அந்த எஸ்பி இன்றும் ஓடுகிறது. போக்கிமான் என்றால் எல்லோரும் சண்டையைத்தான் பேசுவார்கள். நான் சொல்ல வந்தது, விளையாட்டில் போக்கிமான்களுக்கு வைத்தியம் பார்க்கும் போக்கிமான் சென்டருக்குள் ஓரமாக நிற்கும் கம்ப்யூட்டரை, அதாவது பிசியைப் பற்றி.

கையில் 6 போக்கிமான்தான் வைத்துக்கொள்ளலாம். ஏழாவதைப் பிடித்தால் அது நேராகப் பிசிக்குப் போய்விடும். தொடக்கத்தில் அது ‘யாரோ ஒருவரின் பிசி’ என்றுதான் காட்டும். கடலோரக் குடிசையில் இருக்கும், இந்தச் சேமிப்பு வசதியை உருவாக்கிய பில் என்பவரைப் பார்த்த பிறகுதான் ‘பில்லின் பிசி’ ஆகும். எனக்கு அந்த மாற்றம் ரொம்பப் பிடிக்கும். நம் பிள்ளைகளை இத்தனை நாள் பார்த்துக்கொண்டவர் யார் என்று தெரிந்துவிடுகிறதே.

பிசிக்குள் போக்கிமான்களை வைக்க மொத்தம் 14 பாக்ஸ், ஒன்றுக்கு 30, ஆக 420 இடம். 1996-ல் வந்த முதல் விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பில் 12 பாக்ஸில் 20 வீதம் 240 தான். அதைவிட, அங்கே பாக்ஸ் நிறைந்துவிட்டால் பிசிக்குப் போய் நாமே மாற்ற வேண்டும். அதுவரை புதிதாக எதையும் பிடிக்க முடியாது. ஃபயர் ரெட் தானே அடுத்த பாக்ஸுக்குப் போய்விடும்.

பாக்ஸுக்கு எட்டு எழுத்துக்குள் பெயர் வைக்கலாம். நாங்கள் ஊர் மீன் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்தோம். நன்றாகச் சண்டை போடுவது ‘சீலா’வில். வளர்க்க வேண்டியது ‘பாறை’யில். கும்பலாகக் கிடைத்தது ‘காரல்’, ‘சூடை’யில். கரையில் அப்பா மீன் பிரிப்பதைப் பார்த்து வந்த பழக்கம் அது. ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடை (அப்போது 45 நாள்) வந்தால் அப்பாவின் படகு கரையில் நிற்கும், பள்ளியும் லீவு. பாக்ஸ் எல்லாவற்றையும் பிரித்து அடுக்குவது அப்போதுதான். தேடும் வசதி கிடையாது. ஒவ்வொரு பாக்ஸாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். உண்மையான குறை என்றால் இதுதான்.

விஷம் ஏறி உயிர் ஊசலாடும் போக்கிமானைப் பாக்ஸில் போட்டு உடனே எடுத்தால் முழுத் தெம்போடு வரும். ரொம்ப நாள் இதை மாயம் என்றே நினைத்தேன். காரணம் எளிது. கையில் இருக்கும் ஒவ்வொரு போக்கிமானின் விவரத்துக்கும் கேசட்டில் 100 பைட் இடம். பாக்ஸுக்குள் 80 பைட்தான். லெவல், மிச்ச உயிர், விஷம், தாக்கும் பலம் எல்லாம் அந்த 20 பைட்டில் இருப்பவை. உள்ளே போகும்போது அவை கழன்றுவிடும், வெளியே எடுக்கும்போது அனுபவப் புள்ளியை வைத்து லெவலையும் பலத்தையும் புதிதாகக் கணக்குப் போடும். மிச்ச உயிரும் விஷமும் எங்கும் எழுதப்படவில்லை, அதனால் திரும்பி வருவதில்லை.

இனி வருத்தமான கதை. 2007-ல் ஒரு நாள் எஸ்பியைப் போட்டால் ‘புதிய ஆட்டம்’ மட்டும் நிற்கிறது. இரண்டு வருடச் சேமிப்பு, எல்லாப் பாக்ஸும் போயிற்று. தம்பி அன்று சாப்பிடவே இல்லை. கேசட்டைத் திறந்தால் உள்ளே ஒரு பட்டன் பேட்டரி. அசல் ஃபயர் ரெட்டில் பேட்டரியே கிடையாது, சேவ் எல்லாம் மின்சாரம் இல்லாமலே நிற்கும் ஃபிளாஷ் மெமரியில் இருக்கும். சித்தப்பாவுக்கு ஏதோ ஒரு கடையில் போலியை அசல் விலைக்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள். பழைய கேசட் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முதலில் பாருங்கள்.

அடுத்த வருடம் அசல் கேசட் வந்தது. அதற்கு எதிரி உப்புக்காற்று. ஒருமுறை கேசட்டின் அடியில் இருக்கும் உலோகப் பற்களில் தங்கப் பூச்சு தேய்ந்த இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்து, திரை வெள்ளையாகவே நின்றது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு பல்லாக மேலிருந்து கீழே இழுத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. நாலாவது குச்சி வெள்ளையாக வந்த பிறகு போட்டேன், ஓடியது. அன்றிலிருந்து அரிசி போட்ட எவர்சில்வர் டப்பாதான் அதற்கு வீடு.

இன்னொரு முறை சேவ் ஆகும்போதே தம்பி கேசட்டை உருவிவிட்டான். செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் விளையாட்டு இரண்டு இடத்தில் மாறி மாறித்தான் சேவ் செய்கிறது. ஒன்று கெட்டால் முந்தையதை எடுத்துக்கொள்ளும். ஒரு சாயங்கால ஆட்டம் மட்டும் போனது.

அப்புறம் ஸ்விட்ச் என்ற புதிய கேம் கருவி வாங்கினேன். 2019-ல் வந்த போக்கிமான் ஸ்வோர்டு விளையாட்டில் நடுக்காட்டிலும் பாக்ஸைத் திறக்கலாம். தேடலாம், கும்பலாக நகர்த்தலாம். ஆனால் உள்ளே போட்டால் குணமாகாது. 2020-ல் வந்த போக்கிமான் ஹோம் என்ற இணையச் சேமிப்பில் காசு கட்டினால் 6,000 வரை வைக்கலாம், சும்மா என்றால் 30. வசதி என்று பார்த்தால் இவைதான் மேல். ஆனாலும் குகைக்குள் போகுமுன் பிசி முன்னால் நின்று, இந்த ஆறில் யாரை விட்டுவிட்டுப் போவது என்று யோசிக்கும் அந்த இரண்டு நிமிடம் எனக்கு ஃபயர் ரெட்டில்தான் கிடைக்கிறது.

இந்த வருடத் தடைக்காலத்தில் தம்பி மகள் பாக்ஸ் அடுக்கினாள். “பெரியப்பா, லெவல் 4 ரட்டாட்டா எதுக்கு சீலாவுல கிடக்கு?” என்றாள். அசல் கேசட்டில் முதலில் பிடித்த போக்கிமான் அது. அங்கேயே இருக்கட்டும் என்றேன். சரி என்று சேவ் போட்டாள். திரையில் எழுத்து மறையும்வரை எஸ்பியை அசைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.