கேம்பர் சுமக்கும் பிக்கப்: எதை முதலில் மாற்றுவது?

கேம்பரை, அதாவது பிக்கப்பின் சரக்குத் தளத்தில் வைக்கும் தங்கும் அறையை, ஏற்றியதும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் நிலை வந்தால், பெரும்பாலோர் உடனே ஏர் ஸ்பிரிங் (பின்புறத்தைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப் பை) வாங்கப் புறப்படுகிறார்கள். பின்புறத் தாழ்வு கண்ணுக்குத் தெரிகிறது. டயர் படும் பாடு தெரிவதில்லை. தாழ்வைச் சரிசெய்யாத வண்டி ஓட்டச் சிரமம் தரும், ஆனால் சுமை தாங்காத டயர் வேகமான சாலையில் வெடித்துவிடும் என்பதால், என் ஒப்பீட்டில் டயருக்கே முதலிடம்.

டயரைத் தேர்ந்தெடுக்கும் முன், தண்ணீர்த் தொட்டி, எரிவாயு உருளை, பேட்டரி, உடைமைகள், பயணிகள் என அனைத்தோடும் வண்டியை எடைமேடையில் ஏற்றி, பின் அச்சின் எடையைத் தனியாகப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள கேம்பர் எடை வெறும் கூட்டின் எடைதான். 100 லிட்டர் தண்ணீர் மட்டுமே 100 கிலோவைக் கூட்டிவிடும். பின் அச்சில் 2,700 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் பக்கச்சுவரில் அது தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணான சுமைக் குறியீடு 115 உள்ள டயர் ஒன்று 1,215 கிலோ தாங்கும். இரண்டும் சேர்ந்து 2,430 கிலோதான், ஆகவே போதாது. குறியீடு 121 என்றால் ஒன்றுக்கு 1,450 கிலோ, இரண்டுக்கு 2,900 கிலோ. கார்களுக்கான டயரைப் பிக்கப்பில் மாட்டியிருந்தால், அதன் பக்கச்சுவரில் உள்ள தாங்கு எடையையும் 1.1 ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும்.

ஆகவே உண்மையான போட்டி, லோட் ரேஞ்ச் ஈ (சுமைத்திறனைக் காட்டும் எழுத்து வகை) எல்.டி. டயருக்கும், அதாவது இலகு ரக டிரக் டயருக்கும், 19.5 அங்குல வணிக வாகன டயருக்கும் இடையேதான். முன்னது 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு எனும் அளவு) காற்றழுத்தத்தில் முழுச் சுமையைத் தாங்கும், எளிதில் கிடைக்கும், மண் பாதையிலும் ஓரளவு பிடிக்கும். பின்னதில் 225/70ஆர்19.5 அளவில் லோட் ரேஞ்ச் ஜி டயர் ஒன்று 110 பி.எஸ்.ஐ.யில் 1,800 கிலோ வரை சுமக்கும், பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் ஆட்டமும் குறையும்; ஆனால் தனிச் சக்கரங்கள் தேவைப்படும், கனம் கூடும், கேம்பரை இறக்கிய நாளில் வண்டி உலுக்கி எடுக்கும். மிகப் பெரிய கேம்பரை நிரந்தரமாகச் சுமப்பவருக்கே அதைப் பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும் சக்கரத்தின் தாங்கு எடையையும் பார்த்துவிடுங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்குமே உரியது என்பதால் உயர் அழுத்தத்துக்கு உலோக வால்வு நல்லது.

சஸ்பென்ஷனில், ஏர் ஸ்பிரிங்கின் பெரிய பலம் அதை அவ்வப்போது சரிசெய்துகொள்ள முடிவது. பொதுவாக 5 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காற்றைக் கூட்டிக் குறைக்கலாம், எனவே வார இறுதியில் மட்டும் கேம்பரை ஏற்றுபவருக்கு இதைவிட வசதியானது இல்லை. இடது, வலது பைகளுக்குத் தனித்தனிக் குழாய் போடுவது அவசியம்: ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் அழுந்தும் பையிலிருந்து காற்று மறுபக்கம் ஓடி, சாய்வு மேலும் கூடும். குழாய் எதிலாவது உராய்ந்தோ புகைபோக்கியின் வெப்பம் பட்டோ கசியத் தொடங்கினால், நடுவழியில் தாழ்வு திரும்பிவிடும்.

ஏர் ஸ்பிரிங்குக்கு மாற்றாக, பின் அச்சின் எஃகுப் பட்டை அடுக்கில் சேர்க்கும் கூடுதல் ஸ்பிரிங் பட்டை கசியாது, பராமரிப்பும் அதிகம் கேட்காது. ஆனால் வெறும் வண்டியில் அதே விறைப்பு தொடர்வதால், கேம்பர் எப்போதும் ஏறியே இருக்கும் வண்டிக்குத்தான் அது பொருந்தும். இவ்விரண்டுக்கும் முன்பாக, அதிகச் சுமையில் மட்டும் வேலை செய்வதற்காக அடுக்கில் ஏற்கெனவே உள்ள சுமைப் பட்டையைக் கவனிக்கச் சொல்வேன்: பல பிக்கப்புகளில் அது இடைவெளி விட்டு நிற்கிறது; அந்த இடைவெளியை ரப்பர் கட்டையால் நிரப்பினால், சுமை ஏறியவுடனே பட்டை வேலை செய்யத் தொடங்கும். குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் மாற்றம் வேறு எனக்குத் தெரியவில்லை.

பக்கவாட்டு ஆட்டம் வேறு சிக்கல். உயரமான கேம்பரின் எடை மேலே இருப்பதால் வரும் அந்த ஆட்டத்தைப் பின்புற ஆன்டி ரோல் பார் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி) குறைக்கும், துள்ளலை நல்ல ஷாக் அப்சார்பர் அடக்கும். ஆனால் இரண்டும் சுமையைத் தாங்குவதில்லை.

இவற்றில் எதைப் பொருத்தினாலும், உற்பத்தியாளர் குறித்த மொத்த வாகன எடை வரம்பு உயராது. அச்சு, பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையவையே. கேம்பரின் எடைமையம் பின் அச்சுக்குப் பின்னால் விழுந்தால் முன் சக்கரத்தின் பிடி குறையும், அதை எந்த ஸ்பிரிங்காலும் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட கேம்பர் அந்த வண்டிக்கு உரியதன்று. வேறொன்றைத் தேடுவதே வழி.