பி.காம். முடித்த பின்: சி.ஏ.வா, சி.எம்.ஏ.வா?

நுழைவு: வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் இடைநிலைத் தேர்வுக்கு நேராகப் போகலாம். சி.எம்.ஏ.வுக்கு (செலவு, மேலாண்மைக் கணக்காளர்) பட்டமே போதும்.

பயிற்சி: சி.ஏ.வுக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் 2 ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப்; முன்பு 3 ஆண்டு. சி.எம்.ஏ.வுக்கு 15 மாதம்.

கையெழுத்து: உண்மையான வித்தியாசம் இங்கேதான். 2013 நிறுவனங்கள் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்தாக வேண்டும். அதில் கையெழுத்திடும் உரிமை சி.ஏ.வுக்கு மட்டுமே. வருமான வரித் தணிக்கையும் அவர்களுடையதே. செலவுத் தணிக்கை, அதாவது உற்பத்திச் செலவுக் கணக்கைச் சரிபார்ப்பது, சி.எம்.ஏ.வின் தனி உரிமை. ஆனால் சர்க்கரை, சிமென்ட், மருந்து போன்ற குறிப்பிட்ட துறைகளில், அதுவும் விற்றுமுதல் வரம்பைத் தாண்டிய நிறுவனங்களுக்குத்தான் அது கட்டாயம். சந்தை சிறியது.

கடினம்: இரண்டுமே ஆளை வாட்டும். சி.ஏ. இறுதித் தேர்வு கூடுதலாகவே வாட்டும். "ஒரே மூச்சில் முடித்துவிடலாம்" என்று சொல்லும் பயிற்சி மைய விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

சொந்த அலுவலகம் போடும் எண்ணம் இருந்தால் யோசிக்காமல் சி.ஏ. ஆலையின் உற்பத்திச் செலவு, பட்ஜெட், விலை நிர்ணயம் பிடிக்கும் என்றால் சி.எம்.ஏ. குடும்பச் சூழலால் உடனே சம்பளம் வேண்டும் என்பவர்களுக்கும் சி.எம்.ஏ.தான் ஒத்துவரும், ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருந்துகொண்டு வேறு வேலை பார்க்க முடியாது.